காய்ச்சலோடு எடுத்த 'எதிர்ப்புச் சக்தி' ரிப்போர்ட்டில் எல்லாமே குறைவு: அப்பாவுக்குக் குளிசை வாங்குவதா?

கொட்டாஞ்சேனை மகன் | ஜூன் 11, மாலை 7.40

வணக்கம். அப்பாவுக்கு வயது 68, சலரோகம் இருக்கிறது. போன கிழமை கடும் காய்ச்சலும் இருமலும் வந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. வைத்தியசாலையில் சேர்த்தோம். இன்ஃப்ளுவென்சா ஏ என்று உறுதியானது. எக்ஸ்-றேயில் வலது பக்கம் அடியில் நிமோனியா. ஒட்சிசன், ஒசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, அன்டிபயோட்டிக் எல்லாம் கொடுத்து இப்போது ஓரளவு தேறி வருகிறார். இன்னும் வார்டில்தான் இருக்கிறார்.

பிரச்சினை இதுதான். சொந்தக்காரர் ஒருவர் நல்ல மனதோடு ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குச் சொல்லி, அப்பாவின் இரத்தத்தை எடுப்பித்து 'எதிர்ப்புச் சக்திப் பரிசோதனை' என்ற பெக்கேஜைச் செய்வித்துவிட்டார். நேற்று ரிப்போர்ட் வந்தது. சிங்க் 54 (பக்கத்தில் 70 முதல் 120 என்று போட்டிருக்கிறது). விற்றமின் டி 14. விற்றமின் சி குறைவு. செலனியம் எல்லைக்குச் சற்றுக் கீழே. செம்பு கூட. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் மிகவும் கூட. கடைசியில் எம்.டி.ஏ. என்று ஒன்று, அதற்கு நேரே 'ஒட்சியேற்ற அழுத்தம் அதிகம்' என்று தடித்த எழுத்தில். பக்கம் முழுக்கச் சிவப்பு அம்புக்குறிகள்.

அதோடு ஒரு குளிசைப் பட்டியலும் தந்திருக்கிறார்கள்: நாளொன்றுக்கு சிங்க் 100 மில்லிகிராம், விற்றமின் சி 4 கிராம், விற்றமின் டி 60,000 அலகு, செலனியம், விற்றமின் ஈ. வார்டு டொக்டரிடம் காட்டினேன். "இப்போது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்கு நேரமில்லை என்பது விளங்குகிறது. ஆனால் இவ்வளவு குறைவாக இருக்கும்போது கொடுக்காமல் விடுவதா என்று அம்மா அழுகிறார். விளங்கியவர்கள் சொல்லுங்கள்.


பாமசி அக்கா | ஜூன் 11, இரவு 8.05

தம்பி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். விற்றமின் டி 60,000 அலகு என்பது நாங்கள் கிழமைக்கு ஒன்று என்று கொடுக்கும் குளிசை. அதை ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தால் கட்டாயம் கொடுக்க வேண்டாம். பெரியவர்கள் தாங்களாக எடுத்துக்கொள்ளக்கூடிய மேல் எல்லை நாளொன்றுக்கு 4,000 அலகு. அதிகமானால் இரத்தத்தில் கல்சியம் ஏறும், சிறுநீரகம் பாதிக்கும். சிங்கின் மேல் எல்லை 40 மில்லிகிராம், பட்டியலில் இருப்பது 100.

இரண்டாவது, அப்பாவுக்கு என்ன அன்டிபயோட்டிக் போகிறது? டொக்சிசைக்ளின் அல்லது லெவோஃப்ளொக்சசின் வகையாக இருந்தால், சிங்க் குடலில் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிமோனியாவுக்குப் போக வேண்டிய மருந்து உடம்பில் சேராது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் என்றால் விற்றமின் ஈயும் ஆபத்து.

வார்டில் இருப்பவருக்கு வெளியிலிருந்து ஒரு குளிசையும் டொக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். அது மட்டும் நிச்சயம்.


தெகிவளை சைக்கிள்காரர் | ஜூன் 11, இரவு 9.20

அக்கா சொன்ன அளவுக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விற்றமின் சியையே தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் கனகாலமாக இதைப் படித்து வருகிறேன்.

வைரஸ் நுரையீரலுக்குள் போனால் எங்கள் உடம்பே ஒட்சிசனிலிருந்து தீவிரமான மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவை வைரஸை மட்டும் தாக்குவதில்லை, நுரையீரல் கலங்களையும் எரிக்கின்றன. 1989இல் ஜப்பானில் எலிகளுக்கு இன்ஃப்ளுவென்சா கொடுத்து, சுப்பரொட்சைட்டு என்ற அப்படியான ஒரு மூலக்கூறை அழிக்கும் நொதியத்தை இரத்தத்தில் நீண்ட நேரம் நிற்கும்படி மாற்றி ஊசியால் ஏற்றினார்கள். ஏற்றிய எலிகள் தப்பின. அதாவது எலியைக் கொன்றது வைரஸ் மட்டுமல்ல, அது மூட்டிய இந்த ஒட்சியேற்றமும்தான். அப்படியிருக்க, இந்த ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் அன்டிஒக்சிடன்ட் குறைந்திருக்கும் மனிதருக்கு அதைக் கொடுப்பதில் என்ன பிழை? லைனஸ் போலிங் 1970இலேயே விற்றமின் சி பற்றி உரத்துச் சொன்னார். இரண்டு நோபல் பரிசு பெற்றவர்.


ஆய்வுகூடத்தான் | ஜூன் 11, இரவு 10.50

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். இந்த மாதிரி ரிப்போர்ட்டுகள் ஒவ்வொரு காய்ச்சல் பருவத்திலும் மேசைக்கு வருகின்றன. ஏப்ரல் தொடங்கி ஜூன் வரைக்கும், பிறகு நவம்பர் தொடங்கி ஜனவரி வரைக்கும் இங்கே இன்ஃப்ளுவென்சா ஏறும். அந்தக் காலத்தில்தான் இந்தப் பெக்கேஜ் விளம்பரங்களும் ஏறும். எனக்கு இதில் உண்மையான கோபம் இருக்கிறது. ஆகையால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

தம்பி, அந்த ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி., அதாவது உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் எண், இருக்கிறதா? இல்லாவிட்டால் வார்டு ரிப்போர்ட்டில் பாருங்கள். நிமோனியா உள்ளவருக்கு அது நூறைத் தாண்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த ஒரு எண் தெரியாமல் மற்ற எண்களை வாசிக்கவே முடியாது.

காரணம் இதுதான். உடம்பில் அழற்சி தொடங்கியதும் இன்டர்லியூக்கின் 6 என்ற சமிக்ஞை ஈரலுக்குப் போகிறது. ஈரல் உடனே இரத்தத்தில் இருக்கும் சிங்கைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. இரும்பையும் அப்படித்தான்: ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் கூடி, கிருமிக்குக் கிடைக்காதபடி இரும்பை உள்ளே பூட்டி வைக்கிறது. அதனால் இரத்தத்தில் இரும்பு இறங்கும், பெரிற்றின் ஏறும். விற்றமின் ஏயையும் டியையும் இரத்தத்தில் காவிச் செல்லும் புரதங்களும் குறைகின்றன. செம்பைக் காவும் செருலோபிளாஸ்மின் மட்டும் கூடுகிறது. இப்போது உங்கள் அப்பாவின் பட்டியலைத் திரும்பப் பாருங்கள்: சிங்க் குறைவு, செலனியம் குறைவு, டி குறைவு, செம்பு கூட, பெரிற்றின் கூட. அழற்சி உள்ள எந்த மனிதரிடமும் கிடைக்கும் படம் இது. அவர் நோய்க்கு முதல் மாதம் நன்றாகச் சாப்பிட்டவராக இருந்தாலும் இதே மாதிரித்தான் வரும்.

களனி கங்கை பெருகும்போது கொலன்னாவையில் சனம் சாமான்களை மேல்மாடிக்கு ஏற்றி விடுவார்கள். அந்த நேரம் கீழ்வீட்டை மட்டும் எட்டிப் பார்ப்பவருக்கு அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். உடம்பில் இருக்கும் சிங்கில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இரத்தத் திரவத்தில் இருக்கிறது. நாங்கள் அளப்பது அந்த ஒரு பங்கை.

இது ஊகமில்லை. ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோவில் முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு வந்தவர்களின் விற்றமின் டியை முன்னும் பின்னும் அளந்தார்கள். அவர்களுக்குத் தொற்று இல்லை. ஓரிரு நாட்களில் யாருக்கும் விற்றமின் குறைபாடும் வராது. ஆனாலும் சத்திரசிகிச்சை உண்டாக்கிய அழற்சியால் மட்டும் டி ஏறத்தாழ 40 வீதம் இறங்கியது. அதே நகரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் மாதிரிகளை ஆராய்ந்து 2012இல் ஒரு வழிகாட்டல் தந்தார்கள்: சி.ஆர்.பி. 20க்குக் கீழே இருந்தால்தான் சிங்க் எண்ணை நம்பலாம். செலனியம், ஏ, டி என்றால் 10க்குக் கீழே. விற்றமின் சி, பி6 என்றால் 5க்குக் கீழே. இந்தக் கணக்குப்படி உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் ஒரு வரியும் தேறாது.

இன்னொன்று, மாதிரி எடுத்த விதம். சிங்க் பார்ப்பதற்கு சுவட்டு மூலகங்களுக்கென்று தனி டியூப் இருக்கிறது, கடும் நீல மூடி. சாதாரண டியூபின் றப்பர் மூடியிலிருந்தே சிங்க் கசியும். செங்குழியங்கள் உடைந்தால் அதிலிருந்தும் சிங்க் வெளியேறி எண்ணைக் கூட்டிக் காட்டும். விற்றமின் சி அதைவிட மோசம். இரத்தம் எடுத்த உடனே குளிரில், வெளிச்சம் படாமல், அமிலம் சேர்த்துப் பாதுகாக்காவிட்டால் தானாகவே அழிந்துபோகும். கட்டிலடியில் எடுத்த டியூபை மோட்டார் சைக்கிளில் வைத்து, காலி வீதி நெரிசலில் வெயிலோடு கொண்டுபோய்ச் சேர்த்தால் அந்த எண் யாருடைய உடம்பைப் பற்றியது?

எம்.டி.ஏ. பற்றியும் சொல்ல வேண்டும். கொழுப்பு ஒட்சியேறி உடையும்போது வரும் பொருள் அது. பெரும்பாலான இடங்களில் அதை ஒரு அமிலத்தோடு சூடாக்கி, வரும் இளஞ்சிவப்பு நிறத்தை 532 நானோமீற்றரில் அளக்கிறார்கள். அந்த நிறத்தை வேறு பொருட்களும் தரும். எல்லா ஆய்வுகூடங்களும் ஏற்றுக்கொண்ட சாதாரண எல்லை என்று ஒன்று அதற்கு இல்லை. ஆராய்ச்சியில் நூறு பேரை இன்னொரு நூறு பேரோடு ஒப்பிடுவதற்கு அது உதவும். ஒரு தனி மனிதருக்கு மருந்து எழுத உதவாது. சிவப்பு அம்புக்குறி போடுவதற்குத்தான் அதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.


கொட்டாஞ்சேனை மகன் | ஜூன் 12, காலை 6.15

பார்த்தேன் அண்ணா. சி.ஆர்.பி. 140. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கொஞ்சம் ஆறுதல். அப்படியென்றால் அப்பாவுக்குக் குறைபாடே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?


ஆய்வுகூடத்தான் | ஜூன் 12, காலை 6.40

இல்லை. இருக்கவும் கூடும். வயதானவர், சலரோகம் உள்ளவர், வீட்டுக்குள்ளேயே இருப்பவர் என்றால் டி உண்மையாகவே குறைந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இந்த ரிப்போர்ட் அதை ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது.


களனி மாணவி | ஜூன் 12, பகல் 1.30

சைக்கிள்கார அண்ணாவின் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நல்ல கேள்வி அது. நான் உயிர் இரசாயனம் படிக்கிறேன். எனக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும்.

ஜப்பானிய எலி ஆராய்ச்சி உண்மைதான். இன்ஃப்ளுவென்சாவில் நுரையீரல் சேதத்துக்குச் சுப்பரொட்சைட்டு ஒரு காரணம் என்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் அங்கே கொடுத்தது ஒரு நொதியம். சுப்பரொட்சைட்டை அழிப்பது மட்டுமே அதன் வேலை, ஒரு நொதிய மூலக்கூறு ஓயாமல் அதைச் செய்துகொண்டே இருக்கும். குளிசையாக விழுங்கும் விற்றமின் அப்படியில்லை. ஒரு மூலக்கூறு ஒரு தரம் தன்னைக் கொடுத்துவிட்டால், அதைத் திரும்ப எழுப்ப உடம்பே செய்யும் குளுத்தாதயோன் என்ற அன்டிஒக்சிடன்ட் வேண்டும். குளுத்தாதயோனைச் செய்யப் புரதத்திலிருந்து சிஸ்டீன் வேண்டும், கிளைசீன் வேண்டும். குளுத்தாதயோன் பெரொட்சிடேசு என்ற நொதியம் வேலை செய்யச் செலனியம் வேண்டும். எலிகளுக்குக் கொடுத்த அந்த நொதியத்தின் பெயர் சுப்பரொட்சைட்டு டிஸ்மியூட்டேசு. கலத்துக்குள் இருக்கும் அதற்குச் செம்பும் சிங்கும், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியில் இருப்பதற்கு மங்கனீசு. எல்லாம் ஒரு வலைப்பின்னல். ஒரு கண்ணியை மட்டும் பத்து மடங்காக்குவதால் வலை பத்து மடங்கு பலமாகாது. சிங்கைக் கனகாலம் கூடுதலாக எடுத்தால் குடலில் செம்பு உறிஞ்சப்படாமல் போகிறது. அப்படிச் செம்புக் குறைபாடு வந்து இரத்தச்சோகையும் நரம்புப் பாதிப்பும் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தத் தீவிர மூலக்கூறுகள் வெறும் அழிவுப் பொருட்கள் இல்லை. வெண்குழியம் ஒரு கிருமியை விழுங்கியதும் வேண்டுமென்றே சுப்பரொட்சைட்டை உண்டாக்குகிறது. அதற்கென்றே ஒரு நொதியம் வைத்திருக்கிறது. பிறப்பிலேயே அந்த நொதியம் வேலை செய்யாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பற்றீரியாவும் பங்கசும் திரும்பத் திரும்பத் தொற்றி உயிரையே வாங்கும். ஒட்சியேற்றத்தை முழுக்க நிறுத்துவது யாருடைய நோக்கமாகவும் இருக்கக்கூடாது. எங்கே, எவ்வளவு, எப்போது என்பதுதான் முழுக் கேள்வியும்.

விற்றமின் சி பற்றி அண்ணா விரும்பக்கூடிய ஒரு தகவல்: வெண்குழியங்கள் தங்களுக்குள் இரத்தத் திரவத்தைவிட 50 தொடக்கம் 100 மடங்கு விற்றமின் சியைச் சேர்த்து வைத்திருக்கின்றன. 1973இல், திரும்பவும் ஸ்கொட்லாந்தில்தான், சாதாரணத் தடிமன் தொடங்கி ஒரு நாளுக்குள் வெண்குழியங்களில் அந்த அளவு ஏறத்தாழப் பாதியாக இறங்குவதையும், குணமாகும்போது தானாகவே திரும்புவதையும் கண்டார்கள். ஆகவே நோயில் சி செலவாகிறது என்பது உண்மை. அந்தச் செலவை ஈடுகட்ட எவ்வளவு வேண்டும் என்பதில்தான் நான் மாறுபடுகிறேன். நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிகிராமுக்குள் இரத்தம் நிரம்பிவிடுகிறது. ஒரு கிராமுக்கு மேலே போனால் குடல் உறிஞ்சுவதும் குறையும், உறிஞ்சியதும் சிறுநீரில் போகும். 4 கிராம் கொடுத்தால் பெரும்பகுதி கழிவறைக்குத்தான். மிச்சம் ஒட்சலேற்றாக மாறிச் சிறுநீரகத்தில் கல்லாகலாம்.


தெகிவளை சைக்கிள்காரர் | ஜூன் 12, மாலை 5.55

நன்றி தங்கச்சி, வடிவாக விளங்கியது. ஆனால் நான் முழுக்க இறங்கி வரவில்லை.

போசணை நோயை மாற்றும் என்பதற்கு மிகப் பெரிய உதாரணம் சின்னமுத்து. 1990இல் கேப் டவுனில், கடுமையான சின்னமுத்தோடு வைத்தியசாலைக்கு வந்த 189 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு விற்றமின் ஏ கொடுத்தார்கள். இறந்த 12 பிள்ளைகளில் 10 பேர் விற்றமின் கொடுக்கப்படாதவர்கள். இன்றைக்கும் உலக சுகாதார நிறுவனம் சின்னமுத்து வந்த பிள்ளைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் விற்றமின் ஏ கொடுக்கச் சொல்கிறது. சுவாசப் பாதையால் தொற்றும் வைரஸ்தானே அதுவும்? 2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டது என்றார்கள், 2023இல் இதே கொழும்பில் திரும்ப வந்தது. ஆக இது எங்களுக்கும் பழங்கதை இல்லை.

செலனியமும் அப்படித்தான். சீனாவில் கேஷான் என்ற இடத்தில் மண்ணில் செலனியம் மிகவும் குறைவாக இருந்ததால் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் இருதயம் வீங்கி இறந்தார்கள். செலனியம் கொடுக்கத் தொடங்கியதும் நோய் இறங்கியது. அமெரிக்காவில் 1995இல் இதை எலியில் ஆராய்ந்தவர்கள் இன்னும் பயங்கரமான ஒன்றைக் கண்டார்கள். செலனியம் குறைந்த எலிக்குள் போன தீங்கில்லாத கொக்சாக்கி வைரஸ், அங்கேயே தன் மரபணுவில் மாறி, நன்றாகச் சாப்பிட்ட எலியின் இருதயத்தையும் தாக்கும் வைரஸாக வெளியே வந்தது. பிறகு இன்ஃப்ளுவென்சாவிலும் அதே மாதிரி. 2020இல் ஜேர்மனியிலும் கொவிட்டில் இறந்தவர்களின் செலனியம் தப்பியவர்களைவிடக் குறைவாக இருந்தது. இவ்வளவையும் பார்த்த பிறகு 'அழற்சியால் இறங்கியது, விட்டுவிடுங்கள்' என்று எப்படிச் சொல்வது?


இரவுக் கடமை | ஜூன் 13, அதிகாலை 2.20

வார்டு அமைதியாக இருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். நான் ஒரு இளநிலை வைத்தியர். இந்த இழையில் இருப்பது மாதிரி நோயாளிகளின் உறவினர்கள் கேட்டால் நான் சந்தோசமாக நின்று பதில் சொல்வேன். முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர் என்னும்போது அது முடிவதில்லை. அதற்காக மனம் வருந்துகிறேன்.

சைக்கிள்காரர் அண்ணாவின் சின்னமுத்து உதாரணம் முற்றிலும் சரி. கேஷானும் சரி. ஆனால் அந்த இரண்டிலும் இருந்தது உண்மையான, நீண்டகாலக் குறைபாடு. கேப் டவுன் பிள்ளைகள் ஏழை வீடுகளிலிருந்து வந்தவர்கள். சின்னமுத்து இருந்த கொஞ்ச நஞ்ச விற்றமின் ஏயையும் பறித்துக்கொள்ளும். அங்கே கொடுத்தால் உயிர் மிஞ்சும். ஜேர்மனிய ஆராய்ச்சியில், கடுமையாக நோயுற்றவருக்கு அழற்சி கூடுதல், அழற்சி கூடினால் செலனியம் குறையும், அவர்தான் இறக்கவும் கூடியவர். எது எதற்குக் காரணம் என்று அந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. பிரிப்பதற்கு ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குக் கொடுத்துப் பார்ப்பது. கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

பிரேசிலில் கொவிட்டோடு அனுமதிக்கப்பட்டவர்களுக்கு ஒரே தடவையில் 200,000 அலகு விற்றமின் டி கொடுத்தார்கள். இரத்தத்தில் அளவு நன்றாக ஏறியது. ஆனால் வைத்தியசாலையில் தங்கிய நாட்கள் குறையவில்லை. இரு பக்கமும் நடு அளவு ஏழு நாள்தான். ரிப்போர்ட்டில் எண் திருந்தியது, நோயாளியின் நிலை அதோடு சேர்ந்து திருந்தவில்லை. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அமெரிக்காவில் 214 பேருக்கு, வீட்டிலிருந்த கொவிட் நோயாளிகள், சிங்க் 50 மில்லிகிராம், விற்றமின் சி 8 கிராம், இரண்டும் சேர்த்து, ஒன்றுமில்லாமல் என்று நான்கு பிரிவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியாததால் இடையிலேயே நிறுத்தினார்கள். சி எடுத்தவர்களுக்கு வயிற்றோட்டமும் வயிற்றுப் பிடிப்பும்தான் கூடியது.

இன்னும் ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் விற்றமின் சி 'ட்ரிப்' ஏற்றும் இடங்கள் பெருகிவிட்டன. தொற்றால் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 872 பேரில் நாளத்தால் அதிக அளவு விற்றமின் சி ஏற்றிய ஆராய்ச்சியின் முடிவு 2022இல் வந்தது. இறந்தவர்களும் உறுப்புகள் செயலிழந்த நிலையிலேயே இருந்தவர்களும் சேர்த்து, சி ஏற்றியவர்களில் 44.5 வீதம், ஏற்றாதவர்களில் 38.5 வீதம். நன்மை இல்லை என்பதோடு நிற்கவில்லை, எதிர்ப்பக்கம் சாய்ந்தது. உங்கள் அப்பாவுக்குச் சலரோகம். நாளத்தால் அதிகமாகச் சி ஏற்றினால் சில குளுக்கோமீற்றர்கள் சீனியைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உண்மையான சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ஜி6பிடி என்ற நொதியம் குறைந்தவர்களுக்குச் செங்குழியங்கள் உடையும்.

அன்டிஒக்சிடன்ட் என்றால் தீங்கே இருக்காது என்ற எண்ணத்துக்குப் பின்லாந்து பதில் சொல்லியிருக்கிறது. 29,000க்கு மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்துச் செய்த அந்த ஆராய்ச்சியில் பீற்றா கரட்டீன் குளிசை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடுதலாக வந்தது, 1994இல்.

இவற்றை எழுதும்போது எனக்குப் போசணை முக்கியமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. வார்டில் ஒட்சிசன் முகமூடியோடு இருப்பவர் மூன்று வேளையும் தட்டை அப்படியே திருப்பி அனுப்புகிறார். மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது. அதைத்தான் நான் பார்க்கச் சொல்வேன். தம்பி, அப்பா என்ன சாப்பிடுகிறார்?


கொட்டாஞ்சேனை மகன் | ஜூன் 13, காலை 7.10

டொக்டர், மிக்க நன்றி. உண்மையைச் சொன்னால் பெரிதாக ஒன்றும் சாப்பிடவில்லை. இரண்டு கரண்டி கஞ்சி, தேத்தண்ணி, ஒரு பிஸ்கட். அம்மா கொத்தமல்லி அவித்துக் கொண்டுபோகிறார். அதை மட்டும் விரும்பிக் குடிக்கிறார்.


வெள்ளவத்தை மாமி | ஜூன் 13, காலை 9.00

கொத்தமல்லி குடிக்கட்டும், தொண்டைக்கு இதம், தண்ணீரும் சேரும். ஆனால் அது சாப்பாடு இல்லை மகன். என் வீட்டுக்காரர் நிமோனியாவோடு இருந்தபோது நான் செய்ததைச் சொல்கிறேன். கஞ்சியை வெறும் அரிசியில் வைக்காமல் பாசிப்பயறு சேர்த்து, இறக்கும்போது முட்டை ஒன்றை அடித்து ஊற்றிக் கிண்டிவிடுவேன். கொஞ்சம் தேங்காய்ப்பால். மெல்லத் தேவையில்லை, விழுங்கினால் போதும். ஒரு தரத்தில் கால் கோப்பை, இரண்டு மணிக்கூறுக்கு ஒரு தரம். பெரிய கிண்ணத்தில் கொண்டுபோய் வைத்தால் பார்த்ததுமே வேண்டாம் என்பார்கள். சலரோகத்துக்கு எவ்வளவு சரி என்று வார்டிலே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மற்றதெல்லாம் செய்யலாம். வெள்ளவத்தைச் சந்தையில் கொய்யா, நெல்லி, முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, எது இல்லை?


களனி மாணவி | ஜூன் 13, பகல் 12.45

மாமி சொன்ன கஞ்சியில் எனக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. குளுத்தாதயோனுக்கு வேண்டிய சிஸ்டீன் முட்டையில். செலனியமும் முட்டையில். விற்றமின் ஏ உறிஞ்சப்படக் கொழுப்பு வேண்டும், அது தேங்காய்ப்பாலில்.

வீடு வந்த பிறகு: நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி இருக்கிறது. ஒரு ஆணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 90. சூடை, கீரி, நெத்தலி போன்ற சின்ன மீன்களில் செலனியம், டி இரண்டும் உண்டு, விலையும் தாங்கும். சிங்குக்கு மீன், இறைச்சி, நண்டு, கடலை, பயறு. தவிடுள்ள தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் பைற்றேற்று என்ற பொருள் சிங்கைப் பிடித்து வைக்கும். ஊறவைத்தால், முளைக்கட்டினால், தோசை மா போலப் புளிக்கவைத்தால் அந்தப் பிடி தளரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதை ஒரு மணித்தியாலம் தள்ளினால் இரும்பு கூடுதலாகச் சேரும்.


தெகிவளை சைக்கிள்காரர் | ஜூன் 13, மாலை 6.30

டொக்டர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ட்ரிப் ஏற்றுவது பற்றிச் சொன்னதை என் நண்பர்களுக்கும் அனுப்பிவிட்டேன். ஒன்றை மட்டும் பதிந்துவிடுகிறேன்: தடிமன் வரும் முன்பே ஒவ்வொரு நாளும் விற்றமின் சி எடுத்தவர்களுக்குத் தடிமன் நிற்கும் காலம் பெரியவர்களில் 8 வீதமும் பிள்ளைகளில் 14 வீதமும் குறைந்ததாக மருத்துவ ஆராய்ச்சிகளைச் சேர்த்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பு சொன்னது. மரதன் ஓடுபவர்கள், கடும் குளிரில் பயிற்சி எடுக்கும் சிப்பாய்கள் போன்றவர்களுக்கு வருவதே பாதியானது. வந்த பிறகு தொடங்கினால் சீரான பலன் இல்லை என்றும் அதே தொகுப்புத்தான் சொல்கிறது. நான் நீண்ட தூரம் ஓட்டுபவன். எனக்கு அது போதும். தம்பியின் அப்பா வேறு.


இரவுக் கடமை | ஜூன் 13, இரவு 11.15

அது நியாயமான வாசிப்பு அண்ணா, மறுக்க மாட்டேன். விற்றமின் டியிலும் கிட்டத்தட்ட அப்படித்தான்: 2017இல் 25 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில், மிகவும் குறைந்திருந்தவர்களுக்கு, நாளாந்தம் அல்லது கிழமைதோறும் சிறு அளவில் கொடுத்தபோது சுவாசத் தொற்று குறைந்தது. ஒரேயடியாகக் கொட்டியபோது இல்லை. பிறகு வந்த பெரிய ஆராய்ச்சிகளைச் சேர்த்ததும் அந்தப் பலனும் மங்கிவிட்டது.

இழையை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழும்பில் காய்ச்சல் வந்தால் முதலில் டெங்கு இல்லை என்று பாருங்கள். பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் குளிசை வேண்டாம். மூன்றாம் நாளாவது முழு இரத்தக் கணக்கு எடுங்கள். இந்தப் பெக்கேஜுக்குக் கொடுக்கும் காசின் ஒரு பகுதிக்கே அது முடியும். 65 வயதைத் தாண்டியவர்களும் சலரோகம் உள்ளவர்களும் ஒவ்வொரு வருடமும் இன்ஃப்ளுவென்சா தடுப்பூசி பற்றித் தங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.


கொட்டாஞ்சேனை மகன் | ஜூன் 17, மாலை 4.20

அப்பாவை நேற்று வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். ஒட்சிசன் கொடுக்காமலே இரத்தத்தில் ஒட்சிசன் அளவு 96 வீதம். மாமியின் கஞ்சி அம்மாவின் கையால் நன்றாகவே இறங்கியது. குளிசைப் பட்டியலில் ஒன்றும் வாங்கவில்லை. தடுப்பூசி பற்றிக் கிளினிக்கில் கேட்கச் சொல்லி அட்டையில் எழுதித் தந்திருக்கிறார்கள்.

ஆய்வுகூட அண்ணா, திரும்ப டெஸ்ட் எடுப்பதென்றால் எப்போது, எதை?


ஆய்வுகூடத்தான் | ஜூன் 17, இரவு 8.30

மிகவும் சந்தோசம் தம்பி. ஒன்றரை மாதம் போகட்டும். முதலில் சி.ஆர்.பி. ஒன்று. அது 10க்குக் கீழே இருந்தால் அதே மாதிரியில் விற்றமின் டி. அதற்கு மட்டும் காசு செலவழியுங்கள், குறைவாக இருந்தால் கிளினிக் டொக்டர் அளவோடு எழுதித் தருவார். பெரிற்றினும் அப்போது பார்த்தால் அர்த்தம் இருக்கும். சிங்க் பார்க்க ஆசைப்பட்டால் காலையில், வெறும் வயிற்றோடு போங்கள். கடும் நீல மூடி டியூப் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் கை நீட்ட வேண்டாம். எம்.டி.ஏ. யார் சொன்னாலும் வேண்டாம்.